தியானம் பழகப் போகிறவர்களுக்கு: வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வழிகாட்டி

தியானம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எது சார் பெஸ்ட்?" விபாசனாவா, மனவளக்கலையா, மந்திர ஜபமா, ரமணர் சொன்ன வழியா என்று கையில் ஒரு பட்டியலே வைத்திருப்பார்கள். யூடியூபில் ஆளுக்கொரு விதமாகப் பத்துப் பேர் சொன்னதைக் கேட்டிருப்பார்கள். ஒன்றையாவது சேர்ந்தாற்போல ஒரு வாரம் செய்தீர்களா என்றால் சிரிப்பார்கள்.

எது உசத்தி என்ற கேள்வியை ஓரமாக வையுங்கள். உங்கள் வீட்டில், உங்கள் உடம்புக்கு, உங்களுக்குக் கிடைக்கிற நேரத்தில் எது நடக்குமோ அதுதான் உங்களுக்கான தியானம். ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வீடு திரும்பும் நர்ஸுக்கும், ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவருக்கும், காட்பாடி ஹாஸ்டலில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருக்கும் மாணவனுக்கும் ஒரே முறையைச் சொல்லி அனுப்பினால், அதில் இரண்டு பேராவது நாலாம் நாளே விட்டுவிடுவார்கள்.

எல்லா முறைக்கும் அடியில் இருக்கும் வேலை ஒன்றுதான். கவனத்துக்கு ஓர் இடம் கொடுக்கிறோம். அது மூச்சாக இருக்கலாம், ஒரு நாமமாக இருக்கலாம், பாதமாக இருக்கலாம், விளக்குச் சுடராகவும் இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் கவனம் நழுவும். நழுவியது தெரிந்ததும் சத்தம் போடாமல் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறோம். அவ்வளவுதான். எண்ணமே வராமல் உட்கார்வதுதான் தியானம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம். எண்ணம் வரும். கரண்ட் பில் வரும், நேற்று மாமியார் சொன்னது வரும், பத்து வருஷத்துக்கு முன்னால் விட்ட வேலை வரும். போனது தெரிந்து திரும்புகிற அந்த நொடியில்தான் பயிற்சி நடக்கிறது. ஒரு உட்காரலில் நூறு தடவை போய்த் திரும்பினால் நூறு தடவை பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இடம், நேரம், உட்காரும் விதம்

வட ஆற்காட்டு வெயிலை வைத்துத்தான் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும். சுற்றிலும் பாறை மலை. மொட்டை மாடித் தளம் பகலில் குடித்த சூட்டை ராத்திரி வெகுநேரம் வரை விடாது. ஆகவே கோடையில் மாலைத் தியானம் என்பதை மறந்துவிடுங்கள். விடியற்காலை ஐந்திலிருந்து ஆறுக்குள் மாடியில் நல்ல காற்று இருக்கும். மார்கழியில் அதே மாடியில் பனி இறங்கும், ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொள்ளலாம். கொசு இருந்தால் கொசுவலைக்குள்ளேயே உட்காருங்கள். யாரும் பார்க்கப் போவதில்லை.

சத்தத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆடி மாதம் அம்மன் கோயில் ஸ்பீக்கர், விடியற்காலை பாங்கு, மார்கழியில் திருப்பாவை, நடுவில் பால்காரர் ஹார்ன். இந்த ஊரில் நிசப்தமான அறை கிடைக்க வேண்டும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்கலாம். சத்தம் வந்தால் சத்தம் என்று காதில் விழட்டும். "யார் இவ்வளவு சத்தமா வச்சது?" என்று மனம் சண்டைக்குப் போகும்போதுதான் தியானம் கலைகிறது.

உட்காரும் விதத்துக்கு ஒரு மாதிரி பார்க்க வேண்டுமானால் வள்ளிமலைக்குப் போங்கள். முருகனையும் வள்ளியையும் பார்க்கப் போகிறவர்கள் பலர் அங்குள்ள சமணக் குகையைப் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள். பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக உட்கார்ந்திருக்கிறார்கள். முதுகு நேராக இருக்கும், ஆனால் விறைப்பு இருக்காது. தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியிருக்கும். ஒரு கைமேல் இன்னொரு கை, மடியில். அந்தத் தோளை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டால் போதும். பத்மாசனம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறவர்கள், மடித்த ஜமுக்காளத்தையோ பழைய தலையணையையோ இடுப்புக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு முட்டியைவிட நாலு விரல்கடை உயரத்தில் இருந்தால் முதுகு தானாக நிமிரும். இந்தச் சின்ன விஷயத்தைச் செய்யாததால்தான் பாதிப் பேருக்கு முதுகு வலி வருகிறது. முட்டி வலிக்காரர்கள் நாற்காலியில் உட்காரலாம். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தால் உடம்பு பின்னால் சரியும். அதனால் முன் விளிம்புக்கு நகர்ந்து, இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படும்படி வையுங்கள்.

சாப்பிட்டுக் குறைந்தது இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் வருவது தியானமில்லை, குறட்டை.

மூச்சில் தொடங்குங்கள்

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் எல்லோரும் இங்கே தொடங்கலாம். மூச்சு எப்போதும் கூடவே இருக்கிறது, காசு கேட்பதில்லை, எந்த மதத்துக்கும் சொந்தமில்லை. பௌத்தத்தில் ஆனாபானம் என்று சொல்வது இதைத்தான்.

முதல் இரண்டு வாரம் பத்து நிமிஷம் போதும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு டைமர் வையுங்கள். மெதுவான மணியோசையாக வையுங்கள். சினிமாப் பாட்டு ரிங்டோன் திடீரென்று அலறினால் கிடைத்த அமைதியும் போய்விடும். அப்புறம்:

1. கண்ணை மூடி, முதலில் நான்கைந்து மூச்சை மட்டும் வேண்டுமென்றே நீளமாக விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், வெளியே விடும்போது குறையும். அதனால் விடுகிற மூச்சு நீண்டால் உடம்பு சீக்கிரம் அடங்கும்.

2. இனி மூச்சைத் தன் போக்கில் விட்டுவிடுங்கள். நீளமாக வந்தால் நீளம், குட்டையாக வந்தால் குட்டை. சும்மா இருக்கும்போது நமக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 மூச்சு வரை ஓடும். அதைக் குறைக்க வேண்டும் என்று பாடுபட வேண்டாம்.

3. மூச்சு எங்கே தெரிகிறது என்று தேடுங்கள். மூக்கு நுனியிலும் மேல் உதட்டுக்கு மேலேயும் காற்று உரசும். உள்ளே போகும் காற்று கொஞ்சம் குளிர்ச்சி, வெளியே வருவது கொஞ்சம் வெதுவெதுப்பு. அது பிடிபடவில்லையென்றால் வயிறு ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். இரண்டில் ஒன்று போதும். நிமிஷத்துக்கு ஒருதடவை இடம் மாற்றாதீர்கள்.

4. விடுகிற மூச்சுக்கு ஒன்று, அடுத்து விடுகிற மூச்சுக்கு இரண்டு என்று பத்து வரை எண்ணுங்கள். பத்து வந்ததும் மறுபடி ஒன்று. தெலுங்கிலோ உருதுவிலோ எண்ணிப் பழகியிருந்தால் அப்படியே எண்ணலாம். நடுவில் எண்ணிக்கை தவறினாலும், நீங்களே அறியாமல் பதினேழு வரை போய்விட்டாலும், மறுபடி ஒன்றிலிருந்து.

5. மணி அடித்ததும் சட்டென்று எழ வேண்டாம். கை விரல்களை அசைத்து, முகத்தைத் துடைத்து, அரை நிமிஷம் இருந்துவிட்டு எழுந்திருங்கள்.

மூன்றாம் வாரத்தில் பதினைந்து நிமிஷமாக்கலாம், அப்புறம் இருபது. எண்ணாமலே மூச்சோடு இருக்க முடிகிறது என்று தோன்றினால் எண்ணிக்கையை விடுங்கள். மனம் கலங்கின நாளில் மறுபடி எண்ணுங்கள். வருஷக்கணக்காகச் செய்கிறவர்களும் எண்ணுவதுண்டு. அது ஒன்றும் ஒன்றாம் வகுப்புப் பாடம் இல்லை.

இதை ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் எந்த நாள் பார்த்தாலும் ஆயிரக்கணக்கானவர்கள் ஓபி வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளூர்க்காரர்கள், சித்தூர்ப் பக்கத்துக்காரர்கள், வங்காளத்திலிருந்து ரயிலில் வந்தவர்கள். நோயாளியோடு வந்த அட்டெண்டருக்கு நாள் முழுக்க வேறு வேலை இல்லை, ஆனால் ஒரு நிமிஷம் கூட நிம்மதியும் இல்லை. மடியில் ஃபைல், கண் டோக்கன் போர்டில். அப்படியே கண்ணைத் திறந்தபடி செய்யலாம். பாதம் தரையில் படுவதை ஒருதடவை உணர்ந்துகொள்ளுங்கள். போர்டைப் பார்த்தபடியே விடுகிற மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். நம்பர் கூப்பிட்டால் எழுந்து போங்கள். கூப்பிட்ட நம்பர் உங்களுடையது இல்லையென்றால் மறுபடி ஒன்று. இதனால் ரிப்போர்ட் நல்லதாக வந்துவிடாது. ஆனால் டாக்டர் சொல்வதைக் கேட்கிற அளவுக்குத் தலை தெளிவாக இருக்கும். அட்டெண்டருக்கு அது பெரிய உதவி.

உட்கார முடியாதவர்கள் நடக்கலாம்

சிலருக்கு உட்கார்ந்தாலே படபடப்பு ஏறும். சிலர் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷமே தூங்கி விழுவார்கள். இரண்டு பேருக்கும் நடைத் தியானம் ஒத்துவரும்.

வேலூர் என்றால் எல்லோருக்கும் கோட்டை ஞாபகம் வரும். அகழி ஓரமும் பூங்காவும் காலையில் நடக்க நல்ல இடம்தான். தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை, சாமியில்லா கோயில் என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்களே, அதில் கோயில் விஷயம் 1981-லேயே தீர்ந்துவிட்டது. ஜலகண்டேஸ்வரர் அந்த வருஷம் கோட்டைக்குள் திரும்ப வந்துவிட்டார். பாலாறும் ஏதோ ஒரு மழைக்குக் கரை தொட்டு ஓடிக் காட்டுகிறது. இருந்தாலும் நடைத் தியானத்தைக் கோட்டையில் தொடங்க வேண்டாம் என்பேன். வாக்கிங் வருகிறவர்களுக்கு நடுவில் ஒருவர் மட்டும் அடிமேல் அடி வைத்துப் போனால், "என்ன சார், கால்ல அடியா?" என்று தெரிந்தவர்கள் வந்து நிற்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லியே நேரம் போய்விடும். மொட்டை மாடியோ வீட்டுக்குள் நடையோ போதும்.

பத்துப் பதினைந்து அடி நீளத்தில் ஒரு நேர்கோட்டை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு நில்லுங்கள். உடம்பின் எடை இரண்டு பாதத்திலும் இறங்குவதைக் கவனியுங்கள். வலது குதிகால் எழுகிறது, கால் காற்றில் நகர்கிறது, பாதம் தரையைத் தொடுகிறது, எடை அந்தப் பக்கம் மாறுகிறது. மனசுக்குள் "தூக்கு, நகர்த்து, வை" என்று சொல்லிக்கொள்ளலாம். கோட்டின் முனை வந்ததும் நில்லுங்கள், ஒரு மூச்சு விடுங்கள், திரும்புங்கள். பார்வை ஐந்தாறு அடி முன்னால் தரையில் இருக்கட்டும். திரும்புகிற இடத்தில்தான் கவனம் அதிகம் நழுவும், அங்கே கொஞ்சம் நிதானம்.

நன்றாகப் பழகிய பிறகு வேகத்தைக் கூட்டி, கடைக்குப் போகும் வழியில்கூடச் செய்யலாம். ஆனால் கிரீன் சர்க்கிளில் ரோட்டைக் கடக்கும்போது தயவுசெய்து தியானம் வேண்டாம். வண்டியைப் பாருங்கள்.

படுத்துக்கொண்டு செய்வது

நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்களுக்கும் தூக்கம் வராதவர்களுக்கும் இது. உடம்பைக் காலிலிருந்து தலைவரை ஒவ்வோர் இடமாக மனதால் தொட்டுக்கொண்டு போவது. 1979-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் என்பவர் நாள்பட்ட வலிக்காரர்களுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அதில் முதலில் கற்றுக்கொடுப்பதே இந்த உடல் கவனிப்புத்தான். இன்று உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் அது பரவியிருக்கிறது.

பாயில் மல்லாந்து படுங்கள். முட்டிக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் இடுப்புக்கு இதம். இடது கால் கட்டை விரலில் தொடங்குங்கள். அங்கே என்ன தெரிகிறது? குறுகுறுப்பா, சூடா, மரத்த மாதிரியா? ஒன்றுமே தெரியவில்லையென்றால் "ஒன்றும் தெரியவில்லை" என்பதும் ஒரு பதில்தான். அப்படியே மற்ற விரல்கள், உள்ளங்கால், குதிகால் பாயில் அழுந்துகிற இடம், கணுக்கால், கெண்டைச்சதை, முட்டி, தொடை. அப்புறம் வலது கால். பிறகு இடுப்பு, வயிறு, முதுகு, நெஞ்சு, கைகள், கழுத்து, தாடை, நெற்றி. தாடையில் நம்மில் பலர் பகல் பூராவும் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருப்போம், படுத்த பிறகுதான் தெரியும். வலி இருக்கிற இடத்தைத் தாண்டி ஓட வேண்டாம். அதன் ஓரம் எங்கே, நடு எங்கே, கூடுகிறதா குறைகிறதா என்று இரண்டு மூச்சு நேரம் பார்த்துவிட்டு நகருங்கள்.

இருபது நிமிஷம் ஆகும். பாதியில் தூக்கம் வந்துவிட்டால்? ராத்திரியானால் தூங்குங்கள், நல்லதுதான். பகலில் தியானமாகவே செய்ய நினைத்தால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் விடியற்காலைத் தியானம் என்ற விதியைக் காப்பாற்றப் பார்க்காமல், வீட்டுக்கு வந்து குளித்துப் படுத்ததும் இதைச் செய்வது உத்தமம்.

நாம ஜபம்

பக்தி மனம் உள்ளவர்களுக்கு மூச்சு வறட்சியாகத் தெரியும். அவர்கள் நேராக ஜபத்துக்கு வரலாம். இது நம் ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த வித்தைதான். ருத்திராட்ச மாலையில், துளசி மாலையில் 108 மணி. முஸ்லிம்கள் உருட்டும் தஸ்பீஹ் மாலையில் 33 அல்லது 99. கத்தோலிக்க ஜெபமாலையில் பத்துப் பத்தாக ஐந்து. சொல்லும் பெயர் வேறு, விரல் செய்கிற வேலை ஒன்று.

உங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்கிற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நமசிவாய, முருகா, ராமா, எதுவானாலும் சரி. ஏதோ சக்தி மந்திரம் என்று இணையத்தில் தேடி எடுக்க வேண்டாம். முதலில் வாய்விட்டு மெதுவாக, அப்புறம் உதடு மட்டும் அசைய, அப்புறம் உதடும் அசையாமல் மனசுக்குள். மனசுக்குள் சொல்லும்போது எண்ணம் புகுந்தால் மறுபடி உதட்டுக்கு வாருங்கள். மாலை இல்லையா? கட்டை விரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினால் ஒரு சுற்றுக்கு 12. ஒன்பது சுற்று போனால் 108. பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதுகூட நடக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். "இன்றைக்கு ஆயிரம் முடித்தேன்" என்று ஓட்டப் பந்தயமாக்கினால் வாய் ஒரு பக்கம் ஓடும், மனம் கணக்கு டியூஷன் ஃபீஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும். 27 சொன்னாலும் காதில் விழும்படி சொல்லுங்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் "அமைதி" என்ற சொல்லை விடுகிற மூச்சோடு சேர்த்துச் சொல்லலாம். ஹார்வர்டில் இதய மருத்துவராக இருந்த ஹெர்பர்ட் பென்சன் 1970-களில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: ஏதாவது ஒரு சொல், அதைத் திரும்பத் திரும்பச் சொல்வது, எண்ணம் வந்தால் கண்டுகொள்ளாமல் சொல்லுக்குத் திரும்புவது.

நல்லெண்ணத் தியானம்

கோபக்காரர்களுக்கு, வீட்டில் சண்டை ஓய்ந்தபாடில்லை என்பவர்களுக்கு இதைச் சொல்வேன். பௌத்தத்தில் மைத்ரி. மனவளக்கலைக்காரர்கள் "வாழ்க வளமுடன்" என்று வாழ்த்துவதும் இந்த வகைதான். முதலில் உங்களையே நினைத்து, "நான் நலமாக இருக்கட்டும், பயமில்லாமல் இருக்கட்டும், உடம்பு சுகமாக இருக்கட்டும்." அப்புறம் உங்களுக்குப் பிரியமான ஒருவர். அப்புறம் தினமும் பார்த்தும் பெயர் தெரியாத ஒருவர், டீ மாஸ்டரோ கண்டக்டரோ. கடைசியில் உங்களுக்குப் பிடிக்காதவர். இங்கே அவசரப்படக் கூடாது. வாழ்க்கையையே கெடுத்தவரை முதல் வாரத்திலேயே கூட்டி வராதீர்கள். கேட்டுக்கு முன்னால் பைக் நிறுத்துகிற பக்கத்து வீட்டுக்காரர் போதும். வாழ்த்தும்போது உள்ளே எரிச்சல்தான் வருகிறதென்றால் வரட்டும், சொற்களை நிதானமாகச் சொல்லிக்கொண்டிருங்கள்.

திருவண்ணாமலை வழி

1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தோடு இருந்த ஊர் திருவண்ணாமலை. 1896-ல் பதினாறு வயதில் அங்கே வந்த ரமணர் 1950-ல் மறையும் வரை அந்த மலையை விட்டு நகரவில்லை. அவர் பேசாமல் இருந்த காலத்தில், 1902 வாக்கில், சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டிய பதில்கள்தான் "நான் யார்?" என்ற சிறு நூலாக வந்தன.

செய்கிற விதம் சொல்லக் கேட்க எளிது. ஓர் எண்ணம் வருகிறது. அதைத் துரத்திக்கொண்டு போகாமல், இது யாருக்கு வந்தது என்று கேட்கிறீர்கள். எனக்கு. அந்த நான் யார்? இப்படிக் கேட்டுக் கவனத்தை அந்த "நான்" என்ற உணர்வின் பக்கமே திருப்புகிறீர்கள். விடையாக ஒரு வாக்கியத்தைத் தேடக் கூடாது. "நான் ஆத்மா" என்று படித்ததைச் சொல்லிக்கொண்டால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும். கேள்வி முடிந்ததும் ஒரு நொடி தங்குகிற மௌனத்தில் இருங்கள். அடுத்த எண்ணம் வந்ததும் மறுபடி.

என் அபிப்பிராயம், இதைப் புதியவர்கள் தனியாக எடுத்துக்கொள்வது கஷ்டம். இரண்டு மூன்று மாதம் மூச்சில் உட்கார்ந்துவிட்டு, கடைசி ஐந்து நிமிஷம் இதைச் செய்து பாருங்கள். நேரில் போக நினைத்தால் வேலூரிலிருந்து பஸ்ஸில் சுமார் 80 கிலோமீட்டர், காட்பாடி–விழுப்புரம் லைனில் ரயிலும் உண்டு. ரமணாசிரமத்தின் பழைய ஹாலில் யார் வேண்டுமானாலும் சத்தமில்லாமல் உட்காரலாம். மேலே விருபாட்சி குகையிலும் கந்தாசிரமத்திலும் உட்கார இடமுண்டு. பௌர்ணமியன்று மட்டும் போகாதீர்கள். 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்கு அந்த நாள் சரி, உட்காருவதற்குச் சரிவராது.

ஆசிரியரிடம் மட்டும்

வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையை வீடியோ பார்த்துச் செய்ய வேண்டாம். புருவ நடுவில் கவனம் வைக்கும் ஆக்கினைத் தவத்துக்கு ஆசிரியர் தொட்டுத் தீட்சை கொடுப்பார். தலை கனத்தால் கவனத்தைக் கீழே இறக்கும் சாந்தி தவத்தையும் சேர்த்தே சொல்லித் தருவார்கள். பெரும்பாலான ஊர்களில் மன்றம் இருக்கிறது, விசாரித்தால் கிடைக்கும். ஆழ்நிலைத் தியானமும் அப்படித்தான். மந்திரத்தை ஆசிரியர் தருவார், காலையும் மாலையும் இருபது நிமிஷம் உட்கார வேண்டும்.

விளக்குச் சுடரைப் பார்க்கும் திராடகம் ஃபேன் இல்லாமல் செய்ய வேண்டியது. கோடையில் நம் ஊரில் அதை நினைத்துப் பார்க்கவே வேர்க்கிறது. கண்ணில் நீரழுத்தம் (கிளாக்கோமா), வலிப்பு உள்ளவர்கள், சமீபத்தில் கண் ஆபரேஷன் ஆனவர்கள் தொட வேண்டாம். மூச்சை அடக்கிப் பிடிக்கும் கும்பகத்தை கர்ப்பிணிகளும் பிபி, இதயக் கோளாறு உள்ளவர்களும் தாமாகச் செய்யக் கூடாது. மூன்றே நாளில் குண்டலினியை எழுப்பித் தருகிறேன், கட்டணம் இவ்வளவு என்று யாராவது சொன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இடையில் வரும் தொல்லைகள்

கால் மரத்துப் போவது எல்லோருக்கும் உண்டு. மெதுவாக மாற்றி வையுங்கள், பாவம் ஒன்றும் இல்லை. மரத்த காலோடு சட்டென்று எழுந்து விழுகிறவர்கள்தான் ஆபத்து. குத்துகிற மாதிரி முட்டி வலித்தால் அன்றே நாற்காலிக்கு மாறுங்கள். அரிப்பு வந்தால் கை போவதற்கு முன் மூன்று மூச்சு பார்த்திருங்கள். பாதி அரிப்பு தானாகப் போய்விடும். கொசு என்றால் விரட்டிவிடுங்கள், அதற்கெல்லாம் சகிப்புத்தன்மை காட்டத் தேவையில்லை.

கண்ணுக்குள் வெளிச்சம், நிறம், உடம்பு மிதக்கிற உணர்வு வந்தால் பெரிதுபடுத்தாதீர்கள், யாரிடமும் சொல்லிப் பெருமைப்படவும் வேண்டாம். காரணமில்லாமல் அழுகை வரலாம். அழுதுவிட்டு முகம் கழுவுங்கள். சலிப்புத்தான் பெரிய எதிரி. இரண்டாவது மாதத்தில் "இது எனக்கு வேலை செய்யவில்லை" என்று தோன்றும். அப்போதுதான் பலர் முறையை மாற்றுவார்கள். மாற்றாதீர்கள். ஒரு முறையை எடுத்தால் மூன்று மாதமாவது அதிலேயே இருங்கள்.

ஆனால் தியானம் செய்யச் செய்யப் பயம் கூடுகிறது, தூக்கம் அடியோடு போகிறது, இல்லாத குரல் கேட்கிறது, பழைய கொடுமை ஒன்று திரும்பத் திரும்பக் கண்முன் வருகிறது என்றால் உடனே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். பாகாயத்தில் மனநல மையமே இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே மனநோய்க்கு மாத்திரை எடுக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தியானம் செய்கிறேன் என்று சுகர் மாத்திரையையோ பிபி மாத்திரையையோ நிறுத்துவது மடத்தனம்.

பத்து நாள் முகாம் போகலாமா?

போகலாம், ஆனால் முதல் அடியாக வேண்டாம். பர்மாவில் பிறந்த கோயங்கா 1969-ல் இந்தியா வந்து பரப்பிய விபாசனா முகாம் சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில், தம்ம சேது என்ற மையத்தில் நடக்கிறது. கட்டணம் கிடையாது. முன்பு படித்தவர்கள் கொடுக்கும் நன்கொடையில் நடப்பது. காலை நான்கு மணிக்கு மணி அடிப்பார்கள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் போல உட்கார வேண்டும். பேச்சு இல்லை, போன் இல்லை, புத்தகம் இல்லை. புதியவர்களுக்குச் சாயங்காலம் டீயும் பழமும்தான், ராத்திரிச் சாப்பாடு கிடையாது. முதல் மூன்று நாள் மூச்சு மட்டும். நாலாம் நாள்தான் உடம்பு முழுக்க உணர்ச்சிகளைக் கவனிக்கும் விபாசனா தொடங்கும். கடைசியில் மைத்ரி.

வீட்டில் தினமும் இருபது நிமிஷம், விடாமல் இரண்டு மாதம் உட்கார்ந்தவர்களுக்கு இது தாங்கும். இல்லாதவர்கள் மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டில் நிற்பார்கள். நடுவில் கிளம்பக் கூடாது என்று சேரும்போதே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். பதிவு இணையத்தில், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். தளர்ந்த உடைகள், போர்வை, டார்ச், கொசுவுக்குத் தடவும் களிம்பு, தினமும் போடும் மாத்திரைகள் எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் உடல்நிலை, மனநிலை பற்றிக் கேட்பதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சேர்க்க மாட்டார்களோ என்று மறைத்துவிட்டு உள்ளே போனால், ஐந்தாம் நாள் ராத்திரி தூக்கமில்லாமல் தவிக்கும்போது உங்களுக்கு என்ன பிரச்சினை என்று அங்கிருக்கும் ஆசிரியருக்கே தெரியாது.